ஐந்து நிமிடச் சராசரி

வெள்ளிக்கிழமை மதியம், மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் பாதிப் பேர் தொழுகைக்கும் மீதிப் பேர் சாப்பாட்டுக்கும் போயிருக்கிறார்கள். நெட்வொர்க்கைக் கவனிக்கும் மலர், மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடி டிசைன் அறை வாசலில் நிற்கிறாள். இந்த அறைக் கணினி இணைந்திருக்கும் நெட்வொர்க் சுவிட்சின் போர்ட்டில் உள்வரும் தரவின் வேகம் ஏறிக் கிடப்பதை மடிக்கணினி காட்டுகிறது. சுவிட்சுக்கு உள்ளே வருவதெல்லாம் கணினியிலிருந்து வெளியே போவது. ஆனால் கணினித் திரை இருண்டிருக்கிறது. பக்கத்தில் மேனேஜர் சின்னையா பிளாஸ்டிக் பையிலிருந்து தே தாரிக் தேநீரை உறிஞ்சுகிறார். “இதுல யாராச்சும் உட்கார்ந்தாங்களா பாஸ்?” “காலையிலேர்ந்து யாரும் தொடல லா.” மடிக்கணினியில் வேகத்தின் எண் மெல்ல இறங்குகிறது. அது கடைசி ஐந்து நிமிடத்தின் சராசரி. அனுப்புவது நின்றாலும் சட்டென்று விழாது. அப்படி ஓர் எண் இருப்பதையே மலர் அவரிடம் சொல்லவில்லை, மடிக்கணினித் திரையையும் காட்டவில்லை. ஸ்ட்ராவைக் கடித்தபடி சின்னையா கேட்கிறார்: “அந்த நம்பர் ஜீரோவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?”