கதவுக்கு வெளியே பத்து நிமிடம்

புதுத் தாய்மார்களுக்கான ஆலோசகர் குறிப்பேட்டைத் திறந்தார். பயிற்சியில் சொல்லித்தந்த முதல் விதி: குழந்தையை விசாரிக்காதே, தாயை விசாரி.

“நீங்க எப்படி இருக்கீங்க?”

“என்னை யாரு கேக்குறா? வர்றவங்க எல்லாம் குழந்தையைக் கொஞ்சிட்டு, எடை ஏறலையேன்னு என்னை முறைச்சுட்டுப் போறாங்க.”

“தூக்கம்?”

“அது வேறயா? அந்த ராட்சசி அழுதா மூணு தெரு தள்ளி இருக்கிற நாய்கூட வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடும். ஆனா குளிச்சதும் என் கழுத்துல மூக்கை வச்சுத் தூங்கும் பாருங்க, அந்த வாசனைக்கு எல்லாத்தையும் மறந்துடலாம்.”

ஆலோசகர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். சிரிக்கக் கூடாது என்பது இரண்டாம் விதி.

“மனசுல வேற ஏதாவது இருக்கா?”

அவள் கைகளைப் பிசைந்தாள்.

“ஒரு நாள் முடியல. தொட்டில்ல போட்டு, கதவைச் சாத்திட்டு, வெளியே உட்கார்ந்து பத்து நிமிஷம் அழுதேன். உள்ள அதுவும் அழுதுச்சு. இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. என்னை அது மன்னிக்குமா?”

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். இதற்கு விதி எதுவும் சொல்லித்தரவில்லை.

“அந்த ராட்சசிக்கு எதுவும் ஞாபகமில்லம்மா,” என்றாள் மகள்.

மறுநாள் அவளுக்கு ஆலோசகர் பயிற்சித் தேர்வு. பேசிப் பழகப் புதுத் தாய் யாரும் கிடைக்காமல், “முப்பது வருஷம் பின்னாடி போய்ப் பதில் சொல்லும்மா” என்று சமையலறையிலிருந்து இழுத்து வந்திருந்தாள். போன அம்மா இன்னும் திரும்பியபாடில்லை.

“நிஜமாவா?”

“நிஜமா. ஆனா அந்த நாய் விஷயத்தை மட்டும் மன்னிக்க மாட்டேன்.”