ஒரே பிரதி

அம்மா கையால் எழுதிய முக்திநாத் பயணக் குறிப்பேட்டை ஏலத்துக்குக் கொடுக்கும்போது, படிவத்தில் ‘ஒரே பிரதி’ என்ற கட்டத்தில் சுகவனம் டிக் அடித்தான். அப்படிக் கொடுத்தால்தான் ஏலம் சூடுபிடிக்கும். அந்தக் கட்டத்தில் டிக் இருந்தால், எழுதியவரின் நினைவிலிருந்தே அந்தப் பயணத்தை எடுத்து, வாங்குபவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

“நீ சொன்னா சரிப்பா” என்று அம்மா கையெழுத்துப் போட்டாள். நோட்டை அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, வாங்கியவர் போனில் அழைத்தார்.

“சுகவனம் நீங்கதானா? சின்ன வயசுல உங்களுக்கு நடக்க வராதாமே? உங்கம்மா உங்க பேரைச் சொல்லிக்கிட்டே வெறுங்காலோட மலை ஏறியிருக்காங்க. எனக்கே பாதம் எரியுது சார்.”

எதிரே அம்மா தன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தழும்பு எப்படி வந்துச்சு, தம்பி?”

“தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு, சுகவனம் எழுந்து வேகமாக வெளியே நடந்தான்.