சிப்ரியனின் மீசை

ஊரே ஊர்வலத்தில் புனிதர் சிலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சிப்ரியன் மட்டும் மாதா கோயிலின் பின்னறைக்குள் பூனை மாதிரி நுழைந்தார்.

மேஜையில் பதினான்கு பாட்டில்கள். பரணில் வாடவைத்த மஸ்கட் திராட்சையில் வீட்டுக்கு வீடு இறக்கிய இனிப்பு ஒயின். லேபிள் கிடையாது, எல்லாம் ஒரே அச்சு. கழுத்தில் கட்டிய சீட்டுக்குள் மட்டும்தான் பெயர் இருக்கும். இன்னும் இரண்டு மணி நேரத்தில் போட்டி.

போன வாரம் மதுக்கடையில் சிப்ரியன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இந்த வருஷமும் பந்தலேயோன் ஜெயிச்சா, திடல்ல வச்சு என் மீசையை எடுத்துக்கறேன்யா!" என்று வருஷா வருஷம் பரிசு வாங்கும் பந்தலேயோன் உட்பட எல்லோர் முன்னாலும் சவால் விட்டுவிட்டார்.

முப்பது வருட மீசை. அது இல்லாத முகம் எப்படி இருக்கும் என்று மனைவி தெர்சில்லாவுக்கே தெரியாது.

மறுநாளே பந்தலேயோன் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, நீலப் பூசணம் பூத்த உப்புச் சீஸைத் தட்டில் வைத்து, தன் ஒயினில் ஒரு வாய் கொடுத்தார். தேவாமிர்தம்! சிப்ரியன் வீட்டுக்கு ஓடிவந்தார். தெர்சில்லா தேனில் ஊறவைத்திருந்த கஷ்கொட்டையை நாலு விழுங்கிவிட்டு, தன் ஒயினைக் குடித்துப் பார்த்தார். காடி! மூன்று நாள் இதே மாதிரி குடித்துப் பார்த்தார். கஷ்கொட்டை தீர்ந்ததே தவிர ஒயின் தேறவில்லை.

அதனால்தான் இந்தத் திருட்டு வேலை.

பந்தலேயோனின் பாட்டிலைத் தேடவே வேண்டியதில்லை. திராட்சைக் கொடி கட்டும் வில்லோ நாரால்தான் அவர் எப்போதும் சீட்டைக் கட்டுவார். சிப்ரியன் நாரோடு அந்தச் சீட்டை அவிழ்த்துத் தன் பாட்டிலில் கட்டினார். தன் சீட்டை அந்தப் பாட்டிலில் மாட்டினார்.

"ஏங்க, இங்க என்ன பண்றீங்க?" வாசலில் தெர்சில்லா.

"தலை சுத்துச்சு. கொஞ்சம் நிழலுக்கு ஒதுங்கினேன்."

"நாலு எட்டு நடக்கறதுக்குள்ளயா? மீசைக்கு வெயில் ஆகாதாக்கும்!"

அவள் எதையும் பார்க்கவில்லை. சிப்ரியனுக்கு மூச்சு வந்தது.

திடலில் நடுவர்கள் சீஸும் கறுப்பு ரொட்டியுமாகப் பதினான்கையும் ருசி பார்த்து முடித்தார்கள். ஆவோஸ்தா நகரத்திலிருந்து வந்திருந்த தலைமை நடுவர் அம்மாள் எழுந்தார். கழுத்தைப் பொத்திப் பிடித்த கையில் ஒரு பாட்டில்.

"முப்பது வருஷமா நடுவரா இருக்கேன். இப்படி ஒரு ஒயினை நான் குடிச்சதே இல்ல!"

சிப்ரியன் மீசையை முறுக்கிக்கொண்டே பாதி எழுந்தார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. இதை இந்த உப்புச் சீஸோட குடிங்க. தேன் பலகாரம் எதையாவது தின்னுட்டுக் குடிச்சுடாதீங்க. அந்த இனிப்புக்கு முன்னால எப்பேர்ப்பட்ட ஒயினும் காடியாத்தான் தெரியும்."

தெர்சில்லா கணவர் பக்கம் திரும்பினாள். "அப்போ என் கஷ்கொட்டையைத் தின்னுட்டு நீங்க குடிச்சது..."

சிப்ரியன் எழுந்தவாக்கில் அப்படியே நின்றுவிட்டார்.

நடுவர் அம்மாள் பாட்டிலின் கழுத்திலிருந்த வில்லோ நாரை அவிழ்த்துச் சீட்டைப் பிரித்தார். "பந்தலேயோன்!"

கைதட்டலில் திடல் அதிர்ந்தது. பந்தலேயோன் ஒரு மடக்கு குடித்துவிட்டு வாயைப் பிளந்தார். "அடேயப்பா, வீட்டுல குடிச்சப்போகூட இது இவ்வளவு நல்லா இல்லையே!" பிறகு சட்டைப் பையிலிருந்து சவரக் கத்தியை எடுத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்னய்யா சிப்ரியன், உட்காருறியா? சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

இருந்தது. சொன்னால் மீசை தப்பும், மானம் போகும். சிப்ரியன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தன் ஒயின் முதல் பரிசு வாங்கிய சந்தோஷத்தில் அவரால் சிரிக்கக்கூட முடியவில்லை. உதட்டுக்கு மேலே கத்தி ஓடிக்கொண்டிருந்தது.