கறுப்பியின் தட்டு

மீன்காரி வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகியும், பக்கத்து வீட்டில் திருடுவதைக் கறுப்பிப் பூனை விடவில்லை.

"இன்னொரு தடவை திருடினா உன்னைச் சாக்குல கட்டித் தூர விட்டுருவாங்களாம். வயிறாரத்தானே போடறாங்க, அப்புறம் ஏண்டி?" என்றது வாசல் நாய்.

"நாங்க அஞ்சு குட்டிங்க. அம்மா இரை கொண்டுவரும்னு காத்திருந்த நாலும் செத்துப்போச்சு. திருடப் போன நான்தான் மிச்சம்," என்றது கறுப்பி. "சரி, இனிமே திருடலை."

மறுநாள் அது பக்கத்து வீட்டுப் பக்கமே போகவில்லை. மதியம் மீன்காரி அதன் தட்டில் இரண்டு மத்தி மீன் வைத்தாள். கறுப்பி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. சட்டென்று மீனைக் கவ்விக்கொண்டு மதிலேறி ஓடியது.

"அடியே, அது உனக்கு வச்சதுடி!" என்று நாய் கத்தியது.

ஓட்டு மேல் போய் ஒளிந்த பிறகுதான் கறுப்பிக்கு மீன் தொண்டையில் இறங்கியது.