கைப்பட்டையில் ஒரு துடிப்பு

ஆன்லைன் அணிப் போக்கர் சீட்டாட்டத்தில் கூட்டாளிகள் பேசக் கூடாது. ஒருவர் நாடி மற்றவர் கைப்பட்டையில் துடிக்கும், அவ்வளவுதான் அனுமதி.

இறுதிச் சுற்றில் ஹாலில் உட்கார்ந்திருந்த பூங்கோதையின் மணிக்கட்டில், உள்ளறையிலிருந்து ஆடிய கணவன் சிவநேசனின் நாடி திடீரென்று தறிகெட்டு ஓடியது. வேறு யாராக இருந்தாலும், அவனுக்குப் பெரிய சீட்டு வந்துவிட்டது என்று நம்பி வழிவிட்டு விலகியிருப்பார்கள். நல்ல சீட்டு வந்தால் இந்த மனிதருக்கு நாடி அடங்கிப்போகும் என்று அவளுக்குத் தெரியாதா? தன்னிடம் இருந்த மூன்று ராணிகளை நம்பி, இருந்த அத்தனையையும் வைத்து ஆல்-இன் அடித்தாள். எதிரணி காலி.

பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் உள்ளறைக் கதவைத் திறந்தாள். சிவநேசன் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான்.

"ஜெயிச்சாச்சுங்க. கரப்பான் எந்தப் பக்கம் போச்சு?"