ரிப்பன்

குரோம்பேட்டை இறால் கம்பெனியில், குளிர் அறையின் குளிர் வெளியேறாமலிருக்க வாசலில் புதிதாக மாட்டிய பிளாஸ்டிக் பட்டைகளை யாரோ தலை ரிப்பனால் ஒதுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேனேஜர் ராஜகோபால் ரிப்பனை அறுத்து ஈரத்தரையில் எறிகிறார். “இன்னொரு வாட்டி கட்டினீங்க, கையை ஒடிச்சிடுவேன். குளிர் வெளிய போனா மோட்டார் எவ்ளோ கரண்ட் இழுக்குது தெரியுமா?” தலையில் இறால் தட்டு, இரு கையும் தட்டில், ஞானம்மாள் அவரைப் பார்க்காமலே நுழைகிறாள். விறைத்த பட்டை ஒன்று அவள் முகத்தில் பளாரென்று அறைகிறது. அவள் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். அவளுக்கு இருபுறமும் பட்டைகள் விலகிக் கிடக்க, குளிர் வெண்புகையாக வழிந்து அவர் செருப்பை மூடுகிறது. “உள்ள போடீ!” “இரு சார், கண்ணத் தொடச்சிக்கினு போறேன்.” தட்டிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. ஓய்ந்திருந்த மோட்டார் சுவருக்கு அப்பால் உறுமத் தொடங்குகிறது.