இடது மூலை

மத்தியான வெயில் ஷட்டரின் இடுக்கு வழியாக மரத்தூளின் மேல் நீளமாக விழுந்திருக்கிறது. நாளைக் காலை திறக்கப்போகும் என் தங்கையின் கிளினிக்குக்கான பெயர்ப்பலகை, எங்களிடம் இருக்கும் ஒரே தேக்குப் பலகை, இன்னும் ஓர் எழுத்துகூடச் செதுக்கப்படாமல் கிடக்கிறது. செதுக்கும் இயந்திரம் முதலில் இடது மூலைக்குப் போய், அங்குள்ள சிறிய ஸ்விட்சைத் தொட்டுத் தன் இடத்தை அறிந்துகொள்ள வேண்டும். அதுவோ மறுபடியும் வலப்பக்கம் ஓடி, சட்டத்தில் முட்டிக் கர்ரென்று உறுமுகிறது. கணவர் சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைகிறார்.

"காலையிலேயே மோட்டார் ஒயரை மாத்திப் போட்டேனே! இதுக்கென்ன பைத்தியமா?"

என் கை மௌஸின் மேல் அப்படியே நின்றுவிடுகிறது. "எப்போ மாத்துனீங்க?"

"நீ குளிக்கப் போனப்போ."

"நீங்க டீ போடப் போனப்போ நான் கம்ப்யூட்டர்ல திசையை மாத்தினேன். ரெண்டு பேரும் திருப்பினா பழையபடிதானே ஓடும்!"

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்?"

அவர் கை ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறது. என் விரலும் மௌஸை அழுத்தத் துடிக்கிறது. கல்யாணமான இந்தப் பதினோரு வருடத்தில் அவர் பார்த்துக்கொள்வார் என்று எதையும் நான் விட்டதே இல்லை. இப்போது இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கையில் மரத்தூள் உறுத்துகிறது. அவர் ஒயரைப் பழையபடி மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்கிறார். இயந்திரம் தயங்கித் தயங்கி இடப்பக்கம் நகர்ந்து ஸ்விட்சைத் தொடுகிறது.

"பாத்தியா?" என்று திரும்புகிறார். "நான் கை வச்சதும் சரியாயிடுச்சு."